தாழைக்கு ஒரு முகம்

வில்லியனூரில் ஏறிய கூட்டம் பேருந்தில் இன்னும் அடங்கவில்லை. பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த பெண், சகாயராணியின் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையை ஒரு முறை பார்த்துவிட்டுத் தன் செல்போனை நீட்டினாள்.

"எம்மா, படிச்சவங்களா தெரியறீங்க. இது சரியா ஏறியிருக்குதான்னு பாத்துச் சொல்லுங்களேன். ஆபீஸ்ல காட்டணும்."

கணினித் திரையைச் செல்போனில் எடுத்த படம். விண்ணப்பம் பதிவானது, எண் இன்னது என்று திரையில் தெளிவாகவே இருந்தது.

"ஏறியிருக்குதுங்க" என்று திருப்பித் தரப்போன சகாயராணியின் கை பாதியில் நின்றது. திரைக்குப் பின்னால் தெரிந்த ரோஸ் நிறச் சுவர் அவளுக்குத் தெரிந்த சுவர். மூலக்குளத்தில் ஜோஸ்பின் அக்கா வைத்திருக்கும் ஆன்லைன் கடை. அந்த வெள்ளைத் திரையும் அவளுக்குத் தெரிந்ததுதான். அதை வரைந்தவளே அவள். ஆனால் திரையின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை ஓடியது. இடது மூலையில் ஒரு பொத்தான், நடுவில் குட்டிக் குட்டிப் படங்கள், வலது மூலையில் மணி.

அப்படி ஒரு பட்டையை அவள் வரைந்ததே இல்லை.

"இன்னாம்மா, தப்பா இருக்குதா?"

"இல்லீங்க. சரியாத்தான் இருக்குது."

மூலக்குளம் நிறுத்தத்தில் அந்தப் பெண் இறங்கிப் போனாள். அவள் பின்னாலேயே இறங்கிவிடலாமா என்று சகாயராணி யோசித்து முடிப்பதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது. அன்று முழுக்க வேலை ஓடவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சாம்பல் பட்டை.

தாழை என்பது அவளும் புகழ்வேந்தனும் சேர்ந்து செய்த இயங்குதளம். கணினிக்கு உயிர் வந்ததும் முதலில் கண்விழித்து, மற்ற மென்பொருள்களை எல்லாம் எழுப்பி வேலைக்கு அனுப்புகிறதே, அது. இருவரும் பொறியியல் கல்லூரியில் ஒரே வகுப்பு. புகழ் சென்னை வேலையை விட்டுவிட்டு பாகூரில் தன் வீட்டு மாடியறையில் அடைந்துகிடந்து தாழையின் உள்பகுதியை முதல் எழுத்திலிருந்து எழுதினான். திரை, அதாவது மனிதர் கண்ணுக்குத் தெரியும் முகம், சகாயராணியுடையது. புதுச்சேரிக் கம்பெனியில் அவளுக்கு வேலையே அடுத்தவர்களின் செயலிகளுக்குத் திரை வரைந்து தருவதுதான். விடிந்தால் அது, வீட்டுக்கு வந்தால் தாழை.

தனியாட்கள் எழுதிய இயங்குதளங்களைத் தேடித் தேடிப் பார்த்தவள் அவள். எங்கோ குளிர்நாட்டில் ஒருவன் வயசையெல்லாம் கொட்டி ஒன்றை எழுதியிருப்பான். உள்ளே அத்தனையும் அவன் மூளை. மேலே பார்த்தால் அதே பட்டை, அதே மூலைப் பொத்தான், பெருக்கல் குறி போட்ட அதே ஜன்னல்கள். கடைக்காலிலிருந்து புதிதாக வீடு கட்டியவன், வாசலுக்கு மட்டும் பக்கத்து வீட்டுக் கதவைப் பெயர்த்துவந்து வைத்தது போல. அவ்வளவு துணிச்சல் உள்ளவனுக்கு முகத்துக்கு வரும்போது மட்டும் ஏன் கை நடுங்குகிறது என்று அவள் புகழிடம் கேட்டிருக்கிறாள்.

"உள்ள எழுதறதுக்கே உசுரு போவுது. மூஞ்சிக்கு எவன் கெடக்கிறான்? அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன்" என்றான் அவன்.

அவள் வரைந்த முகத்தில் ஜன்னல்கள் இல்லை. பொத்தான் இல்லை. ஒரே நீளத் துணி போல ஓடும் திரை. இன்று செய்கிற வேலை மேலே. நேற்றுச் செய்தது அதற்குக் கீழே. போன மாதத்து வேலை இன்னும் கீழே. எதையும் மூட வேண்டாம், சேமிக்க வேண்டாம். கீழே தள்ளிக்கொண்டே போனால் செய்தது எல்லாம் செய்த வரிசையில் கிடைக்கும். மணி காட்டவும் இடம் வைக்கவில்லை. துணி முழுக்கவே காலம்தானே, அதில் ஒரு துண்டைக் கிழித்து மூலையில் எதற்கு ஒட்ட வேண்டும் என்பது அவள் எண்ணம்.

சோதனைக்காக ஜோஸ்பின் கடையின் கணினிகளில் ஒன்றில் தாழை ஓடியது. வருகிற சனிக்கிழமை வீரமணி என்பவர் அங்கே வந்து அதைப் பார்ப்பதாக ஏற்பாடு. வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் மாலைப் படிப்பகங்கள் நடத்தும் அறக்கட்டளை அவருடையது. யார் யாரோ கழித்துக் கொடுத்த கணினிகள் அங்கே முக்கி முனகிக்கொண்டிருந்தன. அவருக்குப் பிடித்துவிட்டால் அத்தனையிலும் தாழை ஏறும். பிள்ளைகள் முதன்முதலாகக் காணும் திரை அவளுடைய திரையாக இருக்கும். இதற்காகத்தான் அவள் கல்யாணப் பேச்சைக்கூடத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை நெருங்குகிற நேரத்தில்தானா இந்தப் பட்டை வர வேண்டும்?

அன்று மாலை புகழுக்குப் போன் செய்தாள். "தாழையில கீழ பட்டை ஏதாச்சும் போட்டியா?"

எதிர்ப்பக்கம் பதில் வரவில்லை. புகழ் அதிகம் பேசுகிறவன் இல்லை. அவனுடைய மௌனங்கள் அவளுக்குப் பழக்கம். யோசிக்கிற மௌனம் ஒன்று, அலுப்பு மௌனம் ஒன்று. இது இரண்டிலும் சேரவில்லை.

"இல்லியே" என்றான் கடைசியில். "நான் ஒண்ணும் பண்ணல."

"அப்ப சரி."

சரி என்று வாய்தான் சொன்னது. அடுப்படியில் கருவாட்டைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா தனக்கொடி, மகள் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டு வாங்கினாள். இயங்குதளம் அவளுக்குப் புரியவில்லை. ஆனால் ஒருவன் கேட்காமல் கை வைத்தான் என்பது புரிந்தது.

"நெலம் வச்சிருந்தவங்க வூட்டுப் புள்ள" என்றாள். "ஒனக்குத் தெரியாதுடி. அவங்க வயல் வரப்ப ஒரே நாள்ல வெட்டமாட்டாங்க. வருசத்துக்கு ஒரு மம்புட்டி அகலம். அண்ட கழிக்கிறோம்னு ஓரத்தச் செதுக்கிக்கினே இருப்பாங்க. நீ முழிச்சிப் பாக்கச்சொல்ல ஒரு பாத்தி அவங்க பக்கம் போயிருக்கும்."

"அவன் அப்படிப்பட்டவன் இல்லம்மா."

"நான் இன்னா சொன்னேன்? வரப்பத்தான் சொன்னேன்."

மறுநாள் மாலை, 'வரேன்க்கா' என்று வழக்கம்போலப் போன் செய்துவிட்டு மூலக்குளம் போனாள். ஜோஸ்பின் அவளுடைய பெரியம்மா மகள். கடையில் அக்கா தேநீர் வாங்கித் தயாராக வைத்திருந்தாள். திரை சுத்தமாக இருந்தது. பட்டையும் இல்லை, மணியும் இல்லை. திரையின் கீழ்விளிம்பில் மட்டும் பிசுபிசுப்பில் தூசி படிந்து ஒரு கறுப்புக் கோடு. கடை என்றால் அழுக்கு இருக்கத்தானே செய்யும்.

"அக்கா, இதுல அடியில கோடு மாதிரி இன்னாமோ வருதாமே?"

"எந்தக் கோடு? எனக்கு இன்னாடி தெரியும்? டீ ஆறுது பாரு, குடி."

ஜோஸ்பினுக்குப் பொய் வராது. சின்ன வயதிலேயே பொய் சொன்னால் அவள் காதுமடல் சிவந்துவிடும். இப்போது சிவந்திருந்தது. ஆக அக்காவும் சேர்த்தி. தான் வருவதாகச் சொன்னால் பழைய பதிப்பை ஏற்றிக் காட்டுகிறார்கள். போனதும் பட்டை போட்ட பதிப்பு வந்துவிடுகிறது. சனிக்கிழமை வீரமணி பார்க்கப்போவது எது?

அதற்குப் பிறகு புகழ் எழுதிய மாற்றங்கள் ஒவ்வொன்றையும் திறந்து படித்தாள். எங்கும் பட்டை இல்லை. ஆனால் நினைவகம், கோப்பு, வன்பொருள் என்று அவன் எழுதியதில் முக்கால்வாசி அவளுக்குப் புரியாது. புரியாத ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் அவன் ஒளிந்துகொண்டிருப்பதாகப் பட்டது. இல்லாததைத் தேடுகிறவளுக்கு இல்லாமையே சாட்சியாகிவிட்டது. எவ்வளவு நன்றாக மறைத்திருக்கிறான் பார்!

வில்லியனூர் ரயில் நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் அவனை வரச் சொன்னாள். வந்தான். கையில் கண்ணாடிக் கிளாஸோடு, தண்டவாளப் பக்கம் பார்த்தபடி நின்றான்.

"போட்டோவுல நானே பாத்தேன் புகழ். பொத்தான், படம், மணி. எல்லாம்."

"நான் கை வைக்கல."

"அப்ப யார் வச்சாங்க? காத்தா?"

அவன் ஒரு வாய் டீ குடித்தான்.

"யார்னு தெரியுமா, தெரியாதா? அத்தயாச்சும் சொல்லு."

அவன் கிளாஸைச் சுழற்றினான். தெரியும் என்பது அந்தச் சுழற்றலிலேயே தெரிந்தது.

"வீரமணிக்கு எது புடிக்குமோ அத்தக் காட்டிட்டு, அப்புறமா எங்கிட்ட சொல்லிக்கலாம்னு இருக்கிறியா?"

"ராணி, சனிக்கெழம முடியட்டும். எல்லாம் சொல்றேன்."

"முடிஞ்சப்புறம் சொல்றதுக்கு இன்னா இருக்குது? நெலம் வச்சிருந்த புத்தி எங்க போவும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று உணர்ந்தாள். கல்லூரி நாளிலிருந்து இருவருக்கும் இடையில் யாரும் எடுக்காமல் வைத்திருந்த சொல். புகழ் அவளை ஒரு முறை பார்த்தான். பாதி டீயைப் பலகையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, போன் செய்யாமல் மூலக்குளத்தில் இறங்கினாள்.

கடையில் இரண்டு மூன்று பேர் காத்திருந்தார்கள். தாழை ஓடிய கணினியின் முன்னால் ஜோஸ்பின் குனிந்து தட்டிக்கொண்டிருக்க, பக்கத்து நாற்காலியில் அமர்ந்த ஆள் மவுஸைக் கையில் வாங்கி எதையோ அமுக்கிக்கொண்டிருந்தார். பட்டை இருந்தது. சாம்பல் நிறம், பொத்தான், குட்டிப் படங்கள், மணி, எல்லாம் இருந்தன.

"இன்னாம்மா இது, அமுக்கினா வரமாட்டேங்குது? ஹேங் ஆயிடுச்சா?"

"அத்த அமுக்காதீங்கண்ணே. மேல பாருங்க, மேல."

சகாயராணி நெருங்கிப் போனாள். அம்புக்குறி கீழே இறங்கியது, பட்டையைத் தொட்டது, அதன் அடியில் போய் மறைந்தது. திரும்ப மேலே வந்தது. மறுபடி அடியில் போனது.

பட்டை காகிதம்.

பக்கத்துக் கணினியின் அடிப்பட்டையை வண்ணத்தில் அச்செடுத்து, அளவாக வெட்டி, திரையின் கீழே செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது. வலது மூலையில், பைக் டேங்கில் ஒட்டுவார்களே, அந்த மாதிரி குட்டிக் கடிகாரம் ஒன்று. அதில் மணி சரியாக ஓடிக்கொண்டிருந்தது.

ஜோஸ்பின் நிமிர்ந்தாள். காதுமடல் சிவந்தது.

"ஏன்டி, போன் பண்ணாம வந்துட்ட?"

சகாயராணிக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. காத்திருந்தவர்களை அனுப்பிவிட்டு அக்கா வந்து உட்காரும்வரை அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படங்கள் மீது விரல்பட்டுப் பட்டு நிறம் மங்கியிருந்தது.

"திட்டாத" என்று தொடங்கினாள் ஜோஸ்பின். "நம்ம ஜனம் எல்லாம் முடிஞ்சதும் திரையப் போட்டோ புடிச்சிக்கினுதான் எழுந்திரிக்கும். அதான் அவங்களுக்கு ரசீது. மகாலட்சுமின்னு ஒரு பொம்பள, உன் திரையப் புடிச்சிக்கினு போயி ஆபீஸ்ல காட்டியிருக்குது. அங்க இருந்தவன், இது கம்ப்யூட்டரே இல்ல, யாரோ வெள்ளத் தாள்ல எழுதிக் குடுத்து உன்ன ஏமாத்திட்டாங்க, மணி எங்க, தேதி எங்கன்னு திருப்பி அனுப்பிட்டான். அது இங்க வந்து தெருவே கூடற மாதிரி கத்துது. டூப்ளிகேட் கடைன்னுது. ரெண்டு நாள் ஒருத்தரும் வரல."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாக்கா?"

"எத்தினி வருசமா அதுலயே கெடந்த. எப்படிடி சொல்றது? காயிதம் ஒட்டினதும் எல்லாம் சரியாப் போச்சு. அப்புறம் ஒருத்தன் கேட்டான், இன்னாம்மா உன் கம்ப்யூட்டர்ல எப்பவும் ஒரே மணியாவே இருக்குதேன்னு. அதுக்குத்தான் இந்தக் கடியாரம்."

"புகழுக்குத் தெரியுமா?"

"ஒரு நாள் வந்து பாத்துட்டான். கண்ணுல தண்ணி வர சிரிச்சான். அப்புறம் அதே நாற்காலியில ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தான். ராணிகிட்ட சொல்லாத தம்பின்னு லூர்து மாதா மேல சத்தியம் வாங்கிட்டேன்."

அங்கிருந்து பாகூருக்குப் பேருந்து மாறிப் போகும்போது, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மட்டும்தான் சகாயராணி நினைத்திருந்தாள். சந்தேகம் தீர்ந்தது என்றே நம்பினாள்.

மாடியறைக் கதவு திறந்திருந்தது. வெளியே கரும்புக்குத் தண்ணீர் பாய்கிற சத்தம். புகழ் முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். அவன் திரையில் ஜன்னல் மேல் ஜன்னலாக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் பெருக்கல் குறி. அடியில் பட்டை. சாதாரணக் கணினி, ஊரில் எல்லாரும் வைத்திருப்பது.

காலடி கேட்டுத் திரும்பியவன் மடிக்கணினியை மூடப்போனான்.

"மூடாத" என்றாள். "தாழைய நீ இதுலதான் எழுதறியா?"

"எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க ராணி."

"எழுதி முடிச்சப்புறம்? உன் சொந்த வேலைக்கு? ஒரு நாளாச்சும் என் திரையில இருந்திருக்கிறியா?"

அவன் டீக்கடையில் தண்டவாளத்தைப் பார்த்த அதே முகத்தோடு அறை ஜன்னல் பக்கம் திரும்பினான். அவள் காத்திருந்தாள். இந்த முறை அவசரப்படவில்லை.

"சோதிக்கிறதுக்கு ஓட்டுவேன்" என்றான். "ஓடுதான்னு பாப்பேன். அணச்சிடுவேன். அவசரம்னா கை பழைய எடத்துக்குத்தான் போவுது." பிறகு, குரலில் குற்றம் சாட்டுகிற தொனி எதுவும் இல்லாமல் கேட்டான்: "நீ எதுல வரைஞ்ச?"

தாழையின் ஒவ்வொரு கோட்டையும் அவள் வரைந்தது பட்டையும் பொத்தானும் உள்ள கணினியில். அதை மூடிவிட்டுத் தன் துணித்திரையில் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. அடுத்தவர் குடியேறட்டும் என்று வீடு கட்டிவிட்டு, இருவரும் பழைய வீட்டிலேயே தூங்கி எழுந்துகொண்டிருந்தார்கள். அந்தக் குளிர்நாட்டுக்காரனுக்குக் கை நடுங்கவில்லை என்று அப்போது தோன்றியது. வேலை செய்ய உட்கார்ந்த இடத்தையே அவன் திரும்பக் கட்டியிருக்கிறான். யாரிடமாவது காட்டியபோது, 'இது நிஜக் கம்ப்யூட்டர்தானா?' என்று அவனையும் யாராவது கேட்டிருப்பார்கள்.

"டீக்கடையில சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"வுடு."

"வுட முடியாது. தப்பு."

அவன் தலையசைத்தான். ஏற்றுக்கொண்டானா, கேட்டுக்கொண்டானா என்று தெரியவில்லை.

"நாளைக்கு இன்னா பண்றது?" என்றாள்.

"அது உன் மூஞ்சி. நான் கை வைக்கமாட்டேன். நீ இன்னா தர்றியோ அதான் ஓடும்."

அன்று பொழுது சாய்வதற்குள் அந்த மாடியறையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து அவள் பட்டையை வரைந்தாள். காகிதம் ஒட்டிய கடையைவிட அது நாணயமானது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். பட்டை, மணி, தேதி. அவ்வளவுதான் என்று இருந்தாள். ஆனால் பட்டை வந்ததும் இடது மூலை காலியாகத் தெரிந்தது. கடையில் அந்த ஆள் அமுக்கிக்கொண்டே இருந்தது அங்கேதான். பொத்தான் போட்டாள். அமுக்கினால் ஏதாவது திறக்க வேண்டும், பட்டியல் வந்தது. பட்டியலில் தொட்டது தனியாகத் திறந்தால்தான் பொருத்தம், ஜன்னல் வந்தது. ஜன்னலை மூட வழி வேண்டும். பெருக்கல் குறியை எந்த மூலையில் வைப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. கை தானாக வைத்தது. நீளத் துணி எங்கே போயிற்று என்று அவளும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் வீரமணி வந்தார். ஜோஸ்பின் திரையின் விளிம்பைத் துடைத்து வைத்திருந்தாள். அவர் உட்கார்ந்தார். யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மவுஸைப் பிடித்தார், மூலையை அமுக்கினார், திறந்தார், மூடினார்.

"பரவால்லியே! நம்ம பழைய டப்பாவுலகூட இவ்ளோ வேகமா ஓடுமா?"

"ஓடும் சார்" என்றான் புகழ்.

"பாக்க அசல் கம்ப்யூட்டர் மாதிரியே இருக்குது. புள்ளைங்க பயப்படாது. ஆமா, இதுல புதுசுன்னு சொன்னாங்களே, புதுசு இன்னா?"

புகழ் சகாயராணியைப் பார்த்தான்.

"உள்ள எல்லாமே புதுசுங்க" என்றாள் அவள். "முதல் எழுத்துலேர்ந்து இவர் எழுதினது."

"வெளிய?"

"வெளிய ஒண்ணும் இல்லீங்க."

"அதான் நல்லது" என்று எழுந்தார் வீரமணி. அடுத்த வாரமே முதல் படிப்பகத்தில் ஏற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜோஸ்பின் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, வடை வாங்கிவர ஓடினாள்.

கடையில் இருவரும் தனித்து நின்றார்கள். புகழ் கணினியை அணைக்கக் குனிந்தான். நான் கை வைக்கமாட்டேன் என்று அவன் சொன்னது நட்பில் வந்த சொல்லா, அவளே இதைச் செய்துவிடுவாள் என்று தெரிந்து சொன்ன சொல்லா? காகிதத்தைப் பார்த்த அன்று அந்த நாற்காலியில் ரொம்ப நேரம் உட்கார்ந்து எதை யோசித்தான்? அவன் முகத்தைக் கவனித்துப் பார்த்தாள். அலுப்புத் தெரிந்தது. நிம்மதியும் தெரிந்த மாதிரி இருந்தது. அந்த நிம்மதியை நட்பில் சேர்ப்பதா, கணக்குப் போட்டதில் சேர்ப்பதா என்று தெரியவில்லை.

"பாகூருக்கு வண்டியில கூட்டிக்கினு போவட்டுமா? எங்கம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க" என்றான் நிமிர்ந்து.

"இல்ல" என்றாள். "நான் பஸ்லயே வூட்டுக்குப் போறேன்."